கடல் பார்க்க வைத்த விளக்கு

மாலை ஐந்தே முக்கால். சாயல்குடி தாண்டி, கடலைப் பார்த்துத் தெற்கே பிரிகிற ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் உடைமரம். மழை விட்டு நேரமாகவில்லை, தாரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முன்னால் வண்டி இல்லை... பின்னாலும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஆடு மேய்க்கிற ஆள்கூட இல்லை.

அந்தச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் போகிறது. ஓட்டுகிறவன் ஆன்றோ. நமக்கெல்லாம் தெரிந்த அதே ஆன்றோதான், மதுரை தல்லாகுளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறானே, அவன். பக்கத்தில் அவனுடைய பெரியப்பா இன்னாசிமுத்து. கோச்சடைக்காரர். ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இது அவருக்கு நடந்தது. ஆன்றோவிடம் அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆன்றோ சொன்னபடிதான் இது. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அன்றைக்கு நவம்பர் இரண்டாம் தேதி. கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர் வீடுகளில் யாரும் மறக்கிற நாள் இல்லை. கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, பொழுது சாய்ந்ததும் மெழுகுவர்த்தி பொருத்தி, தங்கள் வீட்டு ஆட்களோடு கொஞ்சநேரம் இருந்துவிட்டு வருவார்கள்.

இன்னாசிமுத்துவின் மடியிலும் ஒரு பை இருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஈரத்துணியில் சுற்றிய செவ்வந்தி, காற்றுக்கு மறைப்பாக ஒரு பெரிய ஊறுகாய்க் கண்ணாடிப் பாட்டில்.

எல்லாம் இருந்தது. கல்லறைதான் இல்லை.

ஜூடு அவருக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் வேலை. வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து திரையைப் பார்க்கிற பிள்ளை, சனிக்கிழமை ஆனால் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிவிடுவான். மதுரைக்காரனுக்குக் கடல் எங்கே இருக்கிறது? மூன்று மணி நேரம் ஓட்டினால்தான் உப்புக்காற்றே அடிக்கும். ஆனாலும் போவான். அலை எவ்வளவு உயரம், ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று போனில் பார்த்துப் பார்த்து நாள் குறிப்பான். “கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு நாள் பாக்க மாட்டாய்ங்கடா” என்று ஆன்றோ கேலி செய்வான்.

கடைசியில் அவன் பிடித்துக்கொண்ட இடம் கொம்புப்பாறை. மீனவர் ஊர். கரையில் மணல் கொஞ்சம், பாறை அதிகம். பாறைக்கு அடியில் ஆழம், ஆழத்தில் பெரிய மீன். ஒரு தடவை அப்பாவையும் கூட்டிப்போனான். பாறைமேல் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

“வந்ததும் எறங்கக்கூடாதுப்பா. மேல இருந்து கால்மணி நேரம் சும்மா பாக்கணும். ஈரம் எதுவரைக்கும் இருக்கோ அதுவரைக்கும் கடலோட வீடு. வெள்ளைப் பாறையோட நின்னுக்கணும். கறுப்புப் பாறையில கால் வைக்கக்கூடாது.”

“அப்ப அவுங்க வள்ளமெல்லாம் எப்படிடா உள்ள வருது? பூராம் பாறையால்ல கெடக்கு?”

“அந்தா பாருங்க, ஒரு கம்பம் நிக்கிதா? அதுக்கு நேரா ஒரு சந்து இருக்கு. அது ஒண்ணுதான் வழி. ராத்திரியானா கம்பத்துல வெளக்குப் போட்ருவாய்ங்க. வெளக்கு எங்க எரியுதோ அங்கதான் வழி. மத்ததெல்லாம் பல்லு.”

பல்லு என்றான். அப்படித்தான் இருந்தது. நுரைக்குள் முளைத்து முளைத்து மறைகிற கறுத்த பற்கள்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு சனிக்கிழமை, தூண்டில் முள் பாறையில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இரண்டே எட்டுதான் கீழே இறங்கினான். கூட வந்த கூட்டாளி பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடித் தலையைத் தூக்கியபோது பாறை கழுவி விட்ட மாதிரி இருந்தது. மேலே கம்பு கிடந்தது. ஜூடு இல்லை.

மீனவர்கள் முங்கித் தேடினார்கள். வலை போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கரைக்கு வரவில்லை.

பாக்கியம், ஜூடுவின் அம்மா, அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். உடல் கிடைக்காத வரை பிள்ளை சாகவில்லை. சாமியார் வந்து பேசினார், பூசை வைக்கலாம் என்றார். சொந்தக்காரர்கள் பேசினார்கள். கேட்டுக்கொண்டே இருப்பாள், எழுந்து போய்விடுவாள். ராத்திரி வாசல் கேட்டைப் பூட்ட விடமாட்டாள். வைகைப் பக்கமிருந்து நாய் குரைத்தால் போதும்... எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கு மத்தியானமும் அதுதான் நடந்தது.

“எங்க கெளம்பியாச்சு?”

“சாயந்தரத்துக்குள்ள அங்க இருக்கணும் பாக்கியம். இன்னைக்குக் கல்லறைத் திருநாள்ல.”

“அது செத்தவுகளுக்கு. எம்புள்ள செத்துட்டான்னு ஒங்ககிட்ட யாரு வந்து சொன்னா?”

“ஒரு வருசம் ஆகிப்போச்சு...”

“ஆகட்டும். நீச்சத் தெரிஞ்ச புள்ள. எந்த ஊருக் கரையில ஒதுங்கிக் கெடக்கானோ. வெளக்குப் பொருத்துனா நீங்களே அவனக் கொன்ன மாதிரி. பாத்துக்கங்க.”

ஆன்றோ காரின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். “பெரியம்மா, ராத்திரிக்குள்ள போயிட்டு வந்துர்றோம்” என்றான். “நீ பேசாதடா, நீயும் சேர்ந்துதான புதைக்கப் போற” என்றாள்.

இன்னாசிமுத்துவுக்கு அவள்மேல் கோபம் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இருக்கிறானா... இல்லையா. அதை யாராவது நிச்சயமாகச் சொல்லிவிட்டால், ஒன்று கேட்டைத் திறந்தே வைக்கலாம். இல்லை, பூட்டலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எத்தனை ராத்திரிதான் தூங்காமல் கிடப்பான்?

கொம்புப்பாறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில். மணலில் சிலுவைகள். சிலுவைக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி. மல்லிகை, சாம்பிராணி, கருவாடு, மூன்று வாசனையும் கலந்து வந்தது. யாரோ மெல்லிய குரலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இன்னாசிமுத்துவுக்குப் புதிதாகப் பட்டது. ஒவ்வொரு விளக்குக்கும் கடல் பக்கமாக ஒரு சின்ன ஓலைத் தட்டி நட்டிருந்தார்கள். உள்ளே இருந்து பார்த்தால் தோட்டம் முழுக்க வெளிச்சம். கடலிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டு தெரியாது.

நடுவில் ஒரு பெரிய சிமெண்டுச் சிலுவை. அதன் அடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேர் பிரகாசி. ஐம்பது வயதிருக்கும். புது முகத்தைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

“யாருக்குய்யா?”

“மகனுக்கு.”

“கெடச்சானா?”

“கெடைக்கல.”

“அப்ப இங்கன வைங்க. கெடைக்காதவுகளுக்கெல்லாம் இந்தக் குருசடிதான். எங்க வீட்டுக்காரரும் இங்கனதான்.”

அவர் பையைத் திறந்தார். பிறகு நிறுத்தினார்.

“இந்தத் தட்டி எதுக்கும்மா? காத்துக்கா?”

“காத்துக்கு இல்ல. கடலுக்கு.” அவள் சரிந்த தட்டியை நிமிர்த்தி வைத்தாள். “இன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போகல. கம்பத்து வெளக்கும் கெடையாது. கரையில வெளிச்சம் தெரியக்கூடாதுய்யா. தெரிஞ்சா வழின்னு நெனச்சுக்கிருவாக.”

“யாரு?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய மெழுகை உரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இன்னாசிமுத்துவுக்குப் பயம் வரவில்லை. ஆசை வந்துவிட்டது.

பிள்ளை அந்தப் பக்கம் இருக்கிறான். விளக்கை இந்தப் பக்கம், அதுவும் மறைத்து வைப்பதா? அவன் பார்க்க வேண்டாமா?

பையை மூடினார். எழுந்தார். ஆன்றோ யாரோ கொடுத்த கட்டங்காப்பியை ஊதிக்கொண்டிருந்தான்.

“எங்க பெரியப்பா?”

“ஒதுங்கிட்டு வாரேன்டா.”

“கால் பாத்து வைங்க. முள்ளு கெடக்கு. கூட வரவா?”

“இதுக்கு எதுக்குடா தொணை? காப்பியக் குடி.”

வள்ளங்கள் கவிழ்த்துப் போட்டிருந்த இடம் வரைக்கும் மணல். அதற்கப்புறம் நொறுங்கின சிப்பி. காலடியில் கறுக்... கறுக்... என்றது. அப்புறம் பாறை. போன் வெளிச்சத்தில் நிதானமாக ஏறினார். எந்தப் பாறை என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு வருஷம் முழுக்க நாள் தவறாமல் அந்தப் பாறைமேல்தான் கனவில் நின்றிருக்கிறார்.

மேலே போய், ஜூடு சொல்லிக்கொடுத்தபடி கால்மணி நேரம் சும்மா பார்த்தார். வாடைக்காற்று நின்றுபோயிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. ஆனால் எங்கோ தூரத்தில் அடித்த புயலின் மிச்சம் அடியில் வந்துகொண்டிருந்தது. நுரை இல்லாமல், சத்தம் இல்லாமல், ஒரு மேடு எழும்பி வரும். பாறைக்கு வந்ததும்தான் வாய் திறக்கும். பிறகு சிப்பியெல்லாம் சலசலவென்று பின்னால் இழுபடும்.

கம்பம் தூரத்தில், இருட்டாக நின்றது.

வெள்ளைப் பாறையின் ஓரத்தில் பாட்டிலை வைத்தார். உள்ளே மெழுகுவர்த்தியை நட்டார். பொருத்தினார். சுடர் முதலில் சுருண்டது, பிறகு நின்று எரிந்தது. அந்தக் கரை முழுவதிலும், கடலைப் பார்த்து, அந்த ஒரு வெளிச்சம்தான்.

இறந்தவர்களுக்கான செபத்தைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. பாக்கியத்தின் முகம் வந்தது. அதனால் வேறு விதமாகச் சொன்னார்.

“ஜூடு... அப்பா வந்திருக்கேன்டா.”

முதலில் வந்தது வாசனை.

அழுகின இறால். தூண்டிலில் மாட்டுகிற இரை. சனிக்கிழமை ராத்திரி ஜூடு வந்து கை கழுவினால் வாஷ்பேசினில் இரண்டு நாள் தங்குகிற அதே நாற்றம். பாக்கியம் திட்டித் தீர்ப்பாள். அது இப்போது... பாறைக்குக் கீழிருந்து வந்தது.

பிறகு சத்தம். தூரத்தில்.

சளப்... சளப்...

சளப்...

அலை இல்லை. அலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இது நின்று நின்று வந்தது. கை ஓய்ந்துபோன ஒருவன் நீந்துகிற சத்தம். நடுவில் ஒரு இருமல். தண்ணீர் குடித்த இருமல்.

“அப்பா.”

இன்னாசிமுத்து முழங்காலில் விழுந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது என்று ஆன்றோவிடம் சொன்னார். “பாக்கியம் சொன்னது சரிதான்டான்னு தோணுச்சு. நான்தான் பாவி, நம்பலேன்னு தோணுச்சு.” கையை நீட்டினார். “வாடா... வாடா சாமி...”

“வெளிச்சம் தெரியுதுப்பா. வந்துட்டேன்.”

கடல் ஒரு மேடாக எழும்பியது. சத்தம் இல்லாமல் வந்தது. பாறையில் அடித்தது.

அந்த அடிக்குள்ளே வேறொரு அடி இருந்தது.

தொப்.

ஈரமாக... மெத்தென்று... பாறையில் மோதுகிற ஒரு உடம்பின் சத்தம். பிறகு சிப்பிகள் சலசலக்க, ஏதோ ஒன்று பின்னால் இழுபட்டுப் போனது.

அவருடைய நீட்டின கை அப்படியே நின்றது.

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அப்புறம், தூரத்திலிருந்து, மறுபடியும்.

சளப்... சளப்...

“அப்பா. வழி இதானப்பா?”

தொப்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளக்கு எங்கே எரிகிறதோ அங்கேதான் வழி. பிள்ளை அதைத்தான் படித்திருந்தான். அதைத்தான் அவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். அவர் விளக்கு வைத்திருந்ததோ வழியே இல்லாத இடத்தில். அவன் செத்த அதே பல்லின்மேல்.

“வராதடா!” என்று கத்தினார். ஆயுசில் கத்தாத மனிதர். “இங்கிட்டு வழியில்லடா! திரும்பிப் போடா! அங்கிட்டுப் போ!”

கடலுக்குக் காது கேட்கவில்லை. அவனுக்கும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான்.

“வந்துட்டேன்ப்பா... இந்தா வந்துட்டேன்...”

தொப்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கம்பத்தைப் பார்த்து ஓடப் பார்த்தார். ஏற்றம் வந்து நடுவில் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு எட்டு வைத்ததும் கீழே சத்தமும் கூடவே நகர்ந்தது. அடுத்த பாறையில் மோதியது. அதற்கடுத்த பாறையில் மோதியது. விளக்கு போகிற இடமெல்லாம்... பிள்ளை பின்னாலேயே...

நின்றுவிட்டார்.

இனி ஒன்றுதான் செய்யலாம். பாட்டிலுக்குள் கையை விட்டார். பாறைக்குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலை நனைத்தாரா, இல்லை விரலே வியர்த்திருந்ததா, அவருக்கு நினைவில்லை. இரண்டு விரலால் திரியைக் கிள்ளினார்.

சுர்ர்...

இருட்டு.

கீழே நீந்துகிற சத்தம் நின்றது. கடலும்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

பிறகு, மிகவும் கிட்டத்தில், கையை நீட்டினால் தலை தட்டுப்படுகிற தூரத்தில்...

“யாருப்பா அணச்சது?”

இன்னாசிமுத்து தோளில் கிடந்த துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். மூச்சு விட்டால் பேசிவிடுவார். பேசினால் அவன் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான்.

“அப்பா... இருக்கீங்களா?”

துண்டைக் கடித்தார்.

“ஒண்ணும் தெரியலப்பா.”

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. மெதுவாகத் திரும்பினான். சளப்... சளப்... சத்தம் தூரமாகப் போனது. போகப் போகத்தான் இன்னாசிமுத்துவுக்கு இன்னொன்றும் கேட்டது. திரும்பிப் போவது ஒரு ஆள் நீந்துகிற சத்தம் இல்லை. அவனுக்குப் பின்னால், வரிசையாக, நிறையப் பேர். வெளிச்சத்தைப் பார்த்து வந்து, ஏமாந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து வெளிச்சம். ஆன்றோ, போனைத் தூக்கிப் பிடித்தபடி பாறைமேல் ஏறி வருகிறான்.

“பெரியப்பா! இங்கனயா இருக்கீங்க? ஊரெல்லாம் தேடிட்டு...”

“வெளிச்சம் காட்டாதடா!”

அந்த மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பாய்ந்து ஒரு தட்டு தட்டினார். போன் பறந்து, பாறையில் ஒரு முறை குதித்து, தண்ணீரில் விழுந்தது. அணையவில்லை. எரிந்துகொண்டே, பச்சையாக, கீழே... கீழே... போனது.

ஆன்றோவுக்கு நீந்துகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. இறால் நாற்றம் அடித்தது, அது மட்டும் தெரியும். ஆனால் அவன் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. ஆழத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குக் குறுக்கே ஒரு நிழல் போனது. பிறகு இன்னொன்று. பிறகு நிழல்கள் வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. யாரோ குனிந்து கையால் மூடின மாதிரி, வெளிச்சம் ஓரத்திலிருந்து குறைந்து குறைந்து... இல்லாமல் போனது.

“மீனா இருக்கும்டா மாப்ள” என்று பிறகு நாங்கள் சொன்னோம். ஆன்றோ சிரிக்கவில்லை.

பெரியப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது பிரகாசி எழுந்து நின்றாள். அவருடைய கருகின விரலைப் பார்த்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து விரலில் தடவிவிட்டாள்.

“நானும் ஒருக்க அப்படித்தான் வச்சேன்யா” என்றாள். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது, மதுரை வெளிச்சம் தெரிந்து, திருப்பரங்குன்றம் மலை கறுப்பாகத் தெரிந்த பிறகுதான் இன்னாசிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். ஆன்றோ கேட்டான்.

“பெரியப்பா... தண்ணி வத்துனப்பறம் அந்தக் கம்பத்துகிட்டயே ஒரு வெளக்கு வச்சிருக்கலாம்ல? சரியான வழியில வந்திருப்பான்ல?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் மட்டுமாடா வந்தான்?”

வீட்டில் பாக்கியம் விழித்திருந்தாள். மத்தியானம் பேசின பேச்சை மறந்தவள் மாதிரி வாசலுக்கே வந்தாள். ஒரே கேள்விதான்.

“வெளக்கு வச்சீங்களா?”

“வச்சேன்.”

“பாத்தானா?”

இன்னாசிமுத்துவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. உண்மையும் வரவில்லை. “பாத்தான்” என்று மட்டும் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வருஷமாக அழாத பெண், கேட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். அழுது முடித்து, தானே பூட்டை எடுத்து வந்து பூட்டினாள்.

அதன் பிறகு எல்லாம் முறையாக நடந்தது. பூசை வைத்தார்கள். மதுரைக் கல்லறைத் தோட்டத்தில், குடும்பக் கல்லறையின் தலைமாட்டில், ஜூடுவின் பெயரை வெட்டிய கல்லை நட்டார்கள். கீழே ஒன்றும் இல்லை. பெயர் மட்டும்தான். ஆனாலும் போய் நிற்க ஒரு இடம் ஆனது. பாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு ஆன்றோவும் கூடப் போனான். அதனால் இதை அவன் கேட்டுச் சொல்லவில்லை, பார்த்துச் சொன்னான்.

கூட்டமான கூட்டம். பூக்காரர்கள், பலூன்காரன், குழந்தைகள். காற்று அசையவில்லை. பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் சுடர் ஊசி மாதிரி நிமிர்ந்து எரிந்தது. பாக்கியம் கல்லைக் கழுவினாள், பூப்போட்டாள், விளக்கு வைத்தாள். இன்னாசிமுத்து தீப்பெட்டியைத் தொடவில்லை. இரண்டு எட்டு தள்ளியே நின்றார்.

எரிந்தது. கொஞ்சநேரம்தான்.

சுர்ர்... என்று அணைந்தது.

“திரியில ஈரம் போல” என்று பாக்கியம் வேறு மெழுகுவர்த்தி எடுத்தாள். பொருத்தினாள். அதுவும் அணைந்தது. அடுத்ததும்.

“எல்லாம் நமுத்துப்போனதத் தலையில கட்டிட்டான் கடைக்காரன். இல்ல, காத்தா? என்னங்க, அங்க நின்னு என்ன பாக்குறீங்க? இங்கிட்டு வந்து கையக் குவிச்சுப் பிடிங்க.”

இன்னாசிமுத்து வந்தார். மண்டியிட்டார். இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் கூடு மாதிரி குவித்தார். காற்றுப் புக இடமில்லை. விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பு அவர் முகத்தில் அடித்தது என்று ஆன்றோ சொன்னான். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடின முகம்.

சுர்ர்...

சிவப்பு போய்விட்டது.

“அணஞ்சிருச்சு, கைய எடுங்க. இன்னொண்ணு பொருத்துறேன்.”

அவர் கையை எடுக்கவில்லை. குவித்த கைகளை இன்னும் கொஞ்சம் நெருக்கினார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பிடிக்கிற மாதிரி, நசுங்காமல், விடாமல். மணிக்கட்டு வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கிச் சட்டைக் கைக்குள் போனது.

“என்னங்க? கைய எடுங்கங்கிறேன்ல?”

“கொஞ்சம் பொறு பாக்கியம்” என்றார் இன்னாசிமுத்து. “சில்லுன்னு இருக்கான்.”